கெல்டர்பி தொகுதியும் யாரும் மதிக்காத ஆறும்

மேடையின் நடுவில் அமர்ந்திருந்தாலும் நடுநிலை என்ற சொல்லை வாழ்நாளில் ஒருமுறையும் வாயால் உச்சரிக்காத, நீலக் கட்சியின் நிகரற்ற தேர்தல் ஏஜெண்ட், இன்றைய அவைத்தலைவர், கசாப்புக்கடை நார்மன் கிராப்ட்ரீ அவர்களே!

அவருக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், நான் எங்கே பிழை விடுவேன் என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காத்திருக்கும், சிவப்புக் கட்சியின் சிங்கநிகர் ஏஜெண்ட், கம்பளி நூல்கடை மேவிஸ் ஹார்டகர் அம்மையார் அவர்களே!

இந்த நகர மண்டபத்தின் குளிரையும் என் பேச்சையும் ஒருசேரத் தாங்க முன்வந்திருக்கும் பெரியோர்களே! பின்கட்டில் தேநீர் கொதிக்க வைத்துவிட்டு முன்கட்டில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவர்களே! அனைவருக்கும் ஜெரால்ட் அம்பிள்பியின் பணிவான வணக்கம்!

நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். முன்னாள் பல் மருத்துவன், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினன். இந்த அவையில் பாதிப்பேருக்கு நான் பல் பிடுங்கியிருக்கிறேன். மீதிப்பேர் என் ஓட்டைப் பிடுங்கியிருக்கிறீர்கள். (அங்கே யாரய்யா தாடையைத் தடவுவது? இன்னுமா வலிக்கிறது?)

இன்று ஏஜெண்ட் பணியிலிருந்து ஓய்வுபெறும் நார்மன், மேவிஸ் இருவருக்கும் ஒரே மண்டபத்தில், ஒரே நாளில் பிரிவுபசாரம். ஏன் ஒரே நாளில்? ஒருவர் போனபின் மற்றவர் எதற்கு? வாள் ஒன்று உறைக்குள் போய்விட்டால் எதிர்வாள் எதன்மேல் ஒலிக்கும்?

அன்பர்களே, தொகுதி என்றால் என்ன? வரைபடத்தில் வரைந்த வளையமா? வாக்குச்சீட்டை அடைத்துவைக்கும் வேலியா? நம் கெல்டர்பியின் கதையைக் கேளுங்கள்! ஒரு காலத்தில், சொந்த அடுப்பில் சொந்தப் பானை வைத்துச் சமைப்பவனுக்கே இங்கே ஓட்டு. உடனே என்ன நடந்தது? தேர்தல் வந்ததும் வீடில்லாதவனெல்லாம் கடைத்தெருவில் கல் மூன்று கூட்டி, கஞ்சி காய்ச்சி, "நானும் வாக்காளன்! நானும் வாக்காளன்!" என்று முழங்கினான். உலகில் வேறெங்கும் புகை கிளம்பினால் தீ என்பார்கள், கெல்டர்பியில் புகை கிளம்பினால் தேர்தல் என்பார்கள்! பிறகு ஒரு சீர்திருத்தம் நம்மைப் பக்கத்துத் தொகுதியோடு சேர்த்தது. இன்னொரு சீர்திருத்தம் பிரித்தது. மற்றொன்று ஒரு வேலியை எல்லையாக்கியது. அந்த வேலியை ஆடு தின்றுவிட்டது. ஆம், ஐயா, தின்றுவிட்டது! எல்லை எங்கே என்று இரண்டு தேர்தல்கள்வரை எவருக்கும் தெரியவில்லை. ஆட்டுக்குத் தெரிந்திருக்கும், அதற்கு ஓட்டில்லை.

இப்படி வளர்ந்து, தேய்ந்து, வளைந்து வந்த நம் தொகுதியில் வெஸ்க் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கெல்டர்பி, அந்தப் பக்கம் தோர்ன்ஹோம் கிராமம். இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் நீலம். கூட்டிக் கழித்தால், வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம். அதுவும் மாடிப் பேருந்து வேண்டாம்!

ஆகவே ஒவ்வொரு ஓட்டும் இங்கே உயிர். வாக்குப்பதிவு நாளில் நார்மன் தோர்ன்ஹோம் வீதியில் காரோடு நிற்பார், முதியவர்களைச் சாவடிக்கு அழைத்துப்போக. மேவிஸ் அம்மையார் ஆறு தாண்டி வேனோடு வந்து நிற்பார், அதே முதியவர்களை அழைத்துப்போக. டாட்டர்சால் பாட்டியை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு தேர்தலில் அவர் நார்மனின் காரில் ஏறினார். மெத்தென்ற இருக்கை, மடிக்குக் கம்பளி, வாய்க்கு மிட்டாய். போய் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பியவரை நார்மன் கேட்டார்.

"என்னம்மா, நம்ம ஆளுக்குத்தானே போட்டீங்க?"

"உன் கார்ல வந்ததுக்கு நன்றிப்பா. சீட்டு ரொம்ப சொகுசு. ஓட்டு மேவிஸோட ஆளுக்குத்தான்."

"அப்ப அவ வேன்லயே போயிருக்கலாமே!"

"அந்த வேன்ல குலுக்குற குலுக்கல்ல என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

(அவைத்தலைவர் சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை. நான் விசாரித்துவிட்டேன்.)

அந்த நிலையில்தான், தொகுதி எல்லைகளை மீண்டும் வகுக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. வெஸ்க் ஆறு இயற்கை எல்லையாம். ஆதலால் தோர்ன்ஹோம் இனிமேல் கெல்டர்பியோடு இல்லை, ஆல்டர்விக் தொகுதியோடாம்! ஆல்டர்விக்! கிரிக்கெட்டில் கூட நமக்கு ஒருமுறையாவது நல்ல வார்த்தை சொல்லாத ஆல்டர்விக்!

அப்போது சிவப்புக் கட்சியின் வேட்பாளர் அடியேன்தான். என் உள்ளம் துள்ளியது, பொய் சொல்வானேன்? தோர்ன்ஹோம் தொலைந்தால் வெற்றி என் வீட்டு வாசலில். லண்டனிலிருந்து எங்கள் கட்சித் தலைமையகத்தின் ஆள் ஒருவர், மழைக்கோட்டு மடிப்புக் கலையாமல், மேவிஸ் அம்மையாரின் நூல்கடைக்கே வந்தார். நானும் இருந்தேன்.

"மேடம், எல்லையைப் பத்தி இங்க நடக்கப்போற விசாரணையில நீங்க எழுந்து நின்னு, ‘இந்த எல்லை சரி’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்த சீட் இனிமே எப்பவும் நமக்குத்தான்."

அம்மையார் நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"எப்பவுமா?"

"எப்பவுமே!"

"அப்ப தேர்தல் எதுக்குப்பா வைக்கணும்?"

வந்தவர் சிரித்தார், நகைச்சுவை என்று நினைத்து. நானும் சிரித்தேன், வெற்றி என்று நினைத்து. அம்மையார் சிரிக்கவில்லை.

விசாரணை இதே மண்டபத்தில் நடந்தது. லண்டனிலிருந்து வந்திருந்த வழக்கறிஞர் ஃபேன்ஷா என்பவர் விசாரணை அதிகாரி. ஒல்லியான மனிதர், ஓயாமல் தும்முவார். முதலில் நம் நார்மன் எழுந்தார். தோர்ன்ஹோம் போகக்கூடாது என்று கர்ஜித்தார், கெஞ்சினார், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நீலக் கட்சிக்காரர் தம் ஓட்டுக்காக அழுகிறார் என்று அதிகாரி அதைச் சட்டை செய்யவே இல்லை.

அடுத்து மேவிஸ் ஹார்டகர் எழுந்தார். தலைமையகத்தார் முதுகை நிமிர்த்தினார். நான் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தேன்.

"ஐயா, இந்த எல்லை தப்பு. தோர்ன்ஹோம் எங்களோட ஊரு. அதை எடுத்துக்கிட்டுப் போகாதீங்க."

மண்டபம் மூச்சை அடக்கியது! தலைமையகத்தாரின் முகம் எங்கள் கட்சியின் வண்ணத்தையே பெற்றது! நார்மனோ வாய் பிளந்தார். கடைவாய்ப் பல்லில் நான் அடைத்த வெள்ளியே தெரிந்தது.

அதிகாரி வியந்தார். "அம்மா, நீங்க சிவப்புக் கட்சிதானே? அந்த ஊர்ல உங்களுக்கு அதிகம் ஓட்டு இல்லையே?"

"இல்லதான். அதனாலதான் போய்ப் போய்க் கேக்கறேன்."

வந்த தும்மலை அடக்கிக்கொண்டு அவர் வரைபடத்தை மடித்தார். "சரி, அந்த ஆற்றை நானே நேரில் வந்து பார்க்கிறேன்" என்று கூட்டத்தை முடித்தார்.

வாசலில் நான் அம்மையாரை மறித்தேன். கோபம் கொப்பளித்தது.

"என்ன மேவிஸ் இப்படிப் பண்ணிட்டீங்க? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"ஜெரால்ட், உனக்கு ஓட்டு வேணுமா? ஆத்தைத் தாண்டிப் போய்க் கேளு. நமக்குப் போடாதவங்களை ஊரை விட்டே தள்ளிட்டு ஜெயிக்கறது ஒரு ஜெயிப்பா?"

பதில் இருந்ததா என்னிடம்? இல்லை. பல் மருத்துவனுக்கு அடுத்தவர் வாயைத் திறக்கத்தான் தெரியும்.

அதிகாரி ஆற்றைப் பார்க்க வரவிருந்த வாரம் நவம்பர் மழை! வானம் கிழிந்த மழை, வயல் வழிந்த மழை, வாத்தே வேண்டாமென்ற மழை! முழங்கால் ஆழத்தில் முணுமுணுத்துக் கிடந்த வெஸ்க் ஆறு பாலத்தை மூடிப் பாய்ந்தது. ஃபேன்ஷா, ஆல்டர்விக் வழியாகச் சுற்றி, மேட்டுச் சாலையில் சொட்டுத் தண்ணீர் படாமல் தோர்ன்ஹோம் கரைக்கு வந்து இறங்கினார். கரையில் நார்மன், நனைந்த தொப்பியும் நலிந்த முகமுமாக நின்றிருந்தார். எதிர்க்கரை எங்கே என்றே தெரியவில்லை.

"மிஸ்டர் கிராப்ட்ரீ, இதை எல்லைன்னு சொல்லாம வேற எதைச் சொல்றது?" என்றார் அதிகாரி.

நார்மன் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். ஆறு அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு ஓடியது!

அப்போது ஓர் ஓசை. தண்ணீருக்கு நடுவே தடதடவென்று ஒரு டிராக்டர்! அதன் பின்னே ஒரு டிரெய்லர்! டிரெய்லரில், சிவப்பு மழைத்தொப்பியோடு, கம்பளியால் போர்த்திய பெரிய பானையைக் கட்டிப்பிடித்தபடி யார்? யார்? (நீங்களே சொல்லுங்கள்! ஆம், இன்னும் உரக்க!) மேவிஸ் ஹார்டகர்! அன்று புதன்கிழமை. கெல்டர்பி தேவாலயச் சமையற்கட்டிலிருந்து தோர்ன்ஹோம் முதியோருக்கு மதிய உணவு போகும் நாள். பாலம் போனால் என்ன? புதன்கிழமை போகவில்லையே!

"யோவ் நார்மன்! மரம் மாதிரி நிக்காம வந்து பானையைப் பிடிய்யா! ஸ்டூ ஆறுது!"

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? தண்ணி உன்னை இழுத்துட்டுப் போயிருந்தா?"

"போயிருந்தா எங்க ஆளுக்கு ஒரு ஓட்டு குறைஞ்சிருக்கும், உனக்கு லாபம்தான். பிடி!"

நார்மன் ஓடினார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பானையைப் பிடித்தார். பக்கத்தில் இருந்த குற்றத்துக்காக அதிகாரியின் கையில் கஸ்டர்ட் பாத்திரம் திணிக்கப்பட்டது. லண்டன் நீதிமன்றங்களில் வாதாடிய அந்தக் கைகள், தோர்ன்ஹோம் கூடத்தில் ஆட்டிறைச்சி ஸ்டூவும் வெந்த உருளைக்கிழங்கும் பரிமாறின. டாட்டர்சால் பாட்டி அவரை, "தம்பி, கஸ்டர்ட் கொஞ்சம் தாராளமா ஊத்து" என்று வேலை வாங்கினார். அவரும் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"பாட்டி, ஆல்டர்விக் போறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"ஆல்டர்விக்கா? அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

அப்போது அம்மையார், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அதிகாரியின் முன்னே வந்து நின்றார்.

"ஐயா, நீங்க வந்த ஆல்டர்விக் ரோட்டுல தண்ணி இருந்துச்சா?"

"இல்ல."

"மூணு நாளா ஊரு மூழ்கிக் கெடக்கு. அந்தக் காஞ்ச ரோட்டுல எங்களை எட்டிப் பாக்க உங்களைத் தவிர வேற யாராச்சும் வந்தாங்களா?"

ஃபேன்ஷா திரும்பிப் பார்த்தார். கூடத்தின் வாசலில் அவருடைய கார் ஒன்றே நின்றது.

"இல்லம்மா. நான் மட்டும்தான்."

"அவ்வளவுதான் எங்க கேஸு."

அன்பர்களே! இதற்குமேல் வாதம் வேண்டுமா? இதற்குமேல் வழக்கறிஞர் வேண்டுமா? காய்ந்த சாலை கட்சியாகவும் வெள்ளப்பெருக்கு எதிர்க்கட்சியாகவும் நின்ற அந்தத் தேர்தலில் வென்றது வெள்ளத்தைக் கடந்த வெறுங்கை! (வெறுங்கை இல்லை, பானை என்கிறார் அம்மையார். திருத்திக்கொள்கிறேன்.)

தீர்ப்பு வந்தது. "வெஸ்க் ஆற்றை எல்லையாகக் கொள்ள இயலாது, அங்கே அதை யாரும் மதிப்பதில்லை" என்று ஃபேன்ஷா சொல்லிவிட்டார். தோர்ன்ஹோம் நம்மோடு தங்கியது. தங்கிய தோர்ன்ஹோம் என்ன செய்தது? அடுத்த தேர்தலில் திரண்டு வந்து, திடமாக நின்று, என்னைத் தோற்கடித்தது! ஆம், பேருந்து நிறையக்கூட இல்லாத வித்தியாசத்தில்! அந்தப் பானை ஸ்டூவைத் தின்ற கைகளே என்னைப் பதம் பார்த்தன!

எங்கள் தலைமையகம் கொதித்தது. வந்தார் அதே மழைக்கோட்டு ஆள். கட்சி அலுவலகத்தில் கூட்டம். மேவிஸ் ஹார்டகர் இனி ஏஜெண்ட் இல்லை என்று அறிவிக்கப் போகிறார். நாங்கள் தலை குனிந்து அமர்ந்திருந்தோம். அம்மையார் கைப்பையைப் பூட்டி எழுந்துவிட்டார். கதவு திறந்தது. உள்ளே வந்தவர் யார் தெரியுமா? எங்கள் அலுவலக வாசற்படியை அதுவரை மிதித்தறியாத, மிதித்தால் கால் கழுவுவேன் என்று சொல்லிவந்த நார்மன் கிராப்ட்ரீ! கறி வெட்டும் மேலங்கியோடு, கடையைப் பாதியில் போட்டுவிட்டு!

"இந்தாப்பா லண்டன்! இந்தம்மாவை அனுப்பிடுவியா நீ?"

"இது எங்க கட்சி விஷயம் சார். நீங்க யாரு?"

"உங்களைத் தோக்கடிச்சவன். இவங்களை அனுப்பினா நானும் நாளைக்கே விட்டுட்டுப் போறேன். எனக்கு இவங்களை ஜெயிக்கறதுலதான் சந்தோஷம். உன்னை மாதிரி ஆளை ஜெயிச்சு நான் யார்கிட்டப் போய்ப் பெருமையடிக்கிறது?"

அம்மையார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யோவ், உன் சிபாரிசு எனக்கு வேணாம்."

"சிபாரிசு இல்லம்மா. மிரட்டல்."

எங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள், அம்மையார் இருக்கட்டும் என்று. என் கையும் உயர்ந்தது. சொல்லப்போனால் அதுதான் முதலில் உயர்ந்தது. மழைக்கோட்டு மாலை வண்டியில் லண்டன் திரும்பியது. அதற்கடுத்த தேர்தலில் நான் ஆற்றைத் தாண்டினேன், மழையிலும் வெயிலிலும், கதவு கதவாகத் தட்டினேன். வென்றேன்! நாடாளுமன்றம் போனேன்! நார்மன் அன்று செய்த மிரட்டலை எண்ணி எத்தனை இரவுகள் தூங்காமல் புரண்டிருப்பார் என்று அவர் மனைவியைக் கேளுங்கள்.

பெருமக்களே! எல்லைக்கோடு எதற்கு? எதிரியை வெளியே தள்ளவா? இல்லை! எதிரியை உள்ளே வைக்க! எனக்கு ஓட்டுப் போடாதவன் வேலிக்கு அப்பால் இருந்தால் அவன் எனக்கு அந்நியன். வேலிக்குள் இருந்தால் அவன் கதவை நான் தட்ட வேண்டும், அவன் வசையை நான் கேட்க வேண்டும், அவன் பசிக்கு நான் பானை சுமக்க வேண்டும்! தட்டுகிற கை இருக்கும்வரை தொகுதி இருக்கும். திறக்கிற கதவு இருக்கும்வரை கெல்டர்பி இருக்கும். கோடு போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருக்கட்டும், நாம் தாண்டிக்கொண்டே இருப்போம்!

பொறுத்திருந்த செவிகளுக்கும், பேசவிட்ட தலைவருக்கும், குறுக்கே திருத்திய அம்மையாருக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. தேநீர் ஆறுவதற்குள் விடைபெறுகிறேன். நீலமானாலும் சிவப்பானாலும் நீங்கள் அனைவரும் நீடு வாழ்க. வணக்கம்!