ரயிலோரத்து வீட்டுச் சுவர்

சேந்தமங்கலத்தில் சேலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் கொல்லிமலைக்காரர் ஒருவரும், பிரசவத்துக்கு வந்த மனைவியைத் திரும்ப அழைத்துப்போக வந்திருந்த அவருடைய மருமகனும் நின்றார்கள்.

“ரயில் போனா உங்க ஊட்டுச் செவுரே நடுங்குதுங்க மாப்ள. தொட்டில் கட்டற எடத்துல விரிசல் உட்டிருக்குது. அவளையும் கொழந்தையையும் எப்படி அனுப்பறது?”

“தண்டவாளத்துக்கும் ஊட்டுக்கும் நடுவால ஆளாழத்துக்குப் பள்ளம் வெட்டிட்டனுங்க மாமா. இப்ப அதிர்வு கொறஞ்சிருச்சுங்க. பாசஞ்சர் போறப்ப சொம்புல தண்ணி வெச்சுப் பாத்தேன், அலுங்கலீங்க.”

“கூட்ஸ் வண்டி போறப்பப் பாத்தீங்களா?”

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். “இன்னும் பாக்கலீங்க.”

பஸ் வந்தது. அவன் தனியாக ஏறி உட்கார்ந்தான். சற்று நேரம் கீழேயே நின்றிருந்த பெரியவரும் ஏறினார்.

“கூட்ஸ் வண்டி போறப்ப அந்தச் செவுத்தோரம் நான் படுத்துப் பாக்கறேன். அப்புறம் அவங்களை அனுப்பறேன்.”

மருமகன் நகர்ந்து இடம் கொடுத்தான்.