கோசலாவோடு பேசக் கூடாதென்று வைத்தது

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சீனி போடாமல் தந்தது நல்லது, எனக்குச் சீனி வருத்தம். ஜெர்மன் எனக்கு வாசிக்க நன்றாக வரும், ஆனால் மனதில் கிடப்பதைச் சொல்லத் தமிழ்தான் தோது. நான் சொல்லச் சொல்ல இந்தத் தங்கச்சி மொழிபெயர்க்கட்டும்.

நான் நித்தியானந்தன். சூரிச்சில் ஒரு நூலகத்தின் கீழறையில் பதினேழு வருடமாகப் புத்தகம் அடுக்குகிறேன். நான் குடியிருக்கும் டீட்டிகோனில் எங்கள் தமிழர் மன்றத்துக்குத் தலைவரும் நான்தான். மதிய இடைவேளையில் கைக்கு வந்ததை வாசிப்பேன். அப்படித்தான் பழைய யூதர்களின் ஊர்ச் சட்டம் பற்றிய புத்தகம் கிடைத்தது. எண்டிங்கன், லெங்னாவ் என்று இங்கே பக்கத்து ஊர்கள். ஒரு காலத்தில் அங்கே மட்டும்தான் அவர்களைக் குடியிருக்க விட்டார்களாம். தங்கள் வழக்கை வெளி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறவரைச் சபை தள்ளிவைக்கும். ஒருவரும் அவரோடு பேசவோ, கூட இருந்து சாப்பிடவோ மாட்டார்கள். அடிதடி இல்லாத அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

2018 மாசியில் என் தம்பி நிருசன் மனைவி கோசலாவின் கையை முறித்தான். அவள் போலீசுக்குப் போனாள். வீட்டுப் பக்கம் வரக் கூடாதென்று அவனுக்குத் தடை போட்டார்கள். தண்டனை வந்தால் இங்கே இருக்கிற பெர்மிட் போய்விடும், கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். போரில் காணாமல் போன இன்னொரு தம்பியை அந்த மண்ணில் தேடித் தேடிக் களைத்தவன் நான். இவனையும் விட எனக்குத் தெம்பில்லை.

கோசலாவிடம் போய்க் கெஞ்சினேன்.

"திரும்ப அடிக்கமாட்டார் எண்டு நீங்கள் பொறுப்பு நிப்பியளோ அண்ணை?" என்று கேட்டாள். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் தமிழில் வாசித்தேன். வீட்டுச் சண்டையை வெளியே கொண்டுபோகிறவர்களுக்கு இது பொருந்தும் என்றேன். யாரென்று எல்லோருக்கும் விளங்கியது. நாற்பது குடும்பமும் கை தூக்கின.

பிறகு பஸ்ஸில் அவளைக் கண்டவர்கள் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார்கள். கோயிலில் ஐயர் அவளுடைய அர்ச்சனைத் தட்டை வாங்கவில்லை. மகள் கோபிஷாவின் பிறந்தநாளுக்கு ஒரு பிள்ளையும் போகவில்லை. அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. என்றாலும் முறைப்படிதான் நடந்தது.

மூன்றாம் வாரம் அவளே என்னிடம் வந்தாள்.

"கேஸை நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் குடுத்திட்டன். அவரையும் வீட்டை வரச் சொல்லிட்டன். இனி ஆக்களை என்னோட கதைக்கச் சொல்லுங்கோ."

"ஓம், பாப்பம்" என்றேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. நாலு பேர் ஆறுதலாகப் பேசினால் மனம் மாறிவிடுவாளோ என்று பயம். போலீசார் கேஸை மூடும்வரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம், அவர்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் பத்மினி தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, கோசலா வந்து கதவைத் தட்டுறா. நிருசனும் பின்னால கத்திக்கொண்டு வாறார். திறக்கட்டோ?"

தட்டுகிற சத்தம் எனக்கும் கேட்டது.

"மன்றம் இன்னும் தள்ளிவைப்பை நீக்கேல்லைத்தானே" என்றேன்.

பத்மினி சொல்வழி கேட்கிறவள். கோசலா அந்தப் படிக்கட்டிலேயே தம்பியின் கையால் செத்துப்போனாள். பத்மினியைத் தண்டிக்காதீர்கள். கதவைப் பூட்டி வைத்தது நான்.

புத்தகம் உங்கள் மேசையில் கிடக்கிறது. அடுத்த பக்கத்தையும் தங்கச்சி வாசித்துக் காட்டட்டும். தள்ளிவைப்பு முப்பது நாளுக்குத்தான் என்றும், மனம் திருந்தி வருகிறவரை விடுவிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தென்றால் எந்தத் தடையையும் பார்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. அந்த மனிதர்கள் எல்லாவற்றையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். கூட்டத்தில் மட்டும் வாசிக்கவில்லை.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன். தம்பியை இந்த நாட்டுச் சிறையிலேயே வைத்திருங்கள் ஐயா, அங்கே அனுப்பிவிடாதீர்கள். அவனோடு ஒரு வார்த்தை பேச அங்கே யாரும் இல்லை. அந்த வேதனையை ஒரு மனிதருக்குக் கொடுக்கக் கூடாது.