முப்பத்தோரு தொப்பி

இல்ல தம்பி, நான் தொலஞ்சு போகல. பஸ்ஸுதான் தொலஞ்சு போச்சு. நான் சொன்ன எடத்துலயேதான் நிக்கிறேன், ஓடிப்போனது அது. அதனால அந்தக் காணாமப் போனவங்க நோட்டுல என் பேர எழுதாதீங்க, எழுதியே ஆகணும்னா பஸ்ஸ எழுதிக்கோங்க. மஞ்சக் கலரு, பின்பக்கம் ஒரு மீன் படம், ஏசி நெனச்சா வேல செய்யும்.

இதுல உக்காந்துக்கவா? அப்பாடா. டிக்கெட் கொடுக்குற எடத்துலயாவது உக்கார்ற மாதிரி ஒரு நாற்காலி போட்டீங்களே, நல்லா இருப்பீங்க. மியூசியத்துக்குள்ள நாப்பது நாற்காலி இருக்கு, ஒண்ணு விடாம கயிறு கட்டி வெச்சிருக்கீங்க. ராஜா உக்காந்தது, ராணி உக்காந்தது, ராஜாவோட நாய் உக்காந்தது. ராஜா குடும்பமே போயிச் சேந்தாச்சு, இனி யாருக்காகக் காவல்? கால் வலிக்கிறவ ஒருத்தி ஒரு நிமிஷம் உக்காந்தா வரலாறு கெட்டுப் போயிருமா?

சரி சரி, நீங்க டிக்கெட்டு கிழிக்கிறவரு, உங்களச் சொல்லி என்ன பண்ண. எனக்கு அவசரம், அதான் வாய் நிக்காம ஓடுது. இப்ப மணி மூணு இருவது. அஞ்சு மணிக்கு அந்தப் பெரிய ஏரியில கடைசிப் படகு. நாளைக்குக் காலையில டூர் முடிஞ்சு எல்லாரும் வீடு திரும்புறோம். நாலு நாள் டூருல மத்ததெல்லாம் போனாப் போகட்டும்னு விட்டுருவேன், அந்தப் படகு மட்டும் எனக்கு வேணும். அதுக்குத்தான் கெளம்பினதே.

போனா? போன் கைப்பையில, கைப்பை சீட்டுல. அவரு பக்கத்துல வெச்சிட்டு வந்தேன். ஆமா, வீட்டுக்காரரு. பஸ்லதான் இருக்காரு. கடைசி வரிசை, சன்னலோரம்.

கவனிக்க மாட்டாரான்னு என்னையக் கேக்குறீங்களா? முப்பத்தி நாலு வருஷமா நான் புதுசா ஒரு திரைச்சீல மாட்டி அதக் கவனிச்சதில்ல. என் நம்பர் சொல்றேன், வேணும்னா அடிச்சுப் பாருங்க. போகுதா? போகும். எடுக்க மாட்டாரு. என் போன அவரு எடுத்ததே கெடையாது.

இந்த டூர் தாளுல கைடு நம்பர் இருக்கு, அதுக்கு அடிங்க. அவரு பேரு எனக்குத் தெரியாது, நாங்க விசில்காரருன்னுதான் சொல்லுவோம். கழுத்துல ஒரு விசில். கோட்டையப் பாக்கணுமா, ஒரு விசில். பாத்தது போதுமா, ரெண்டு விசில். சாப்பிட்டுக் கை கழுவுறதுக்குள்ள மூணாவது. நேத்து ராத்திரி கனவுல கூட ஊதினாரு, நான் எந்திரிச்சு செருப்பப் போட்டுட்டேன்.

எடுத்துட்டாரா? என்னங்குறாரு? யாரும் கொறையல, எண்ணிக்கை சரியா முப்பத்தொண்ணு, அந்தம்மா வேற பஸ்ஸா இருக்கும்னு வெச்சிட்டாரா! அடப்பாவி மனுஷா!

அவரு எண்ணுற லட்சணத்தக் கேளுங்க. மொதல் நாளே ஆளுக்கொரு ஆரஞ்சு தொப்பி கொடுத்தாங்க. இத எப்பவும் தலையில வெச்சுக்கணும், அப்பத்தான் எண்ண வசதின்னு. பஸ் கெளம்புறதுக்கு முன்னாடி டிரைவர் பக்கத்துல நின்னுகிட்டு, வெரல நீட்டி, ஆரஞ்சு ஆரஞ்சா எண்ணுவாரு. முப்பத்தொண்ணு வந்தா ரைட். மூஞ்சியே பாக்க மாட்டாரு. ஆரஞ்சு தொப்பி போட்டுகிட்டு ஒரு கழுத ஏறி உக்காந்தாலும் குட் ஆப்டர்நூன்னு சொல்லிட்டு எண்ணிக்கையில சேத்துக்குவாரு.

எனக்கு அந்தத் தொப்பி ஆகல. கொண்டை நசுங்குது, வேர்க்குது. இன்னைக்கு இங்க எறங்கும்போது கழட்டி என் சீட்டோட தல சாய்க்கிற எடத்துல மாட்டிட்டு வந்துட்டேன். அங்கதான் தப்பு நடந்துருக்கு. முன்னாடியிருந்து பாத்தா ஆளு சாஞ்சு தூங்குற மாதிரி இருந்துருக்கும். என் தொப்பி ஏரிக்குப் போகுது, நான் இங்க நிக்கிறேன்.

தப்பு எம்பேர்லயும் இருக்கு, மறைக்கல. ரெண்டே முக்காலுக்கு வாசலுக்கு வரச் சொன்னாரு. விசிலும் கேட்டுச்சு. நான் வரல, வேணும்னுதான் நின்னேன். உங்க மணிக்கூண்டு மண்டபத்துல மூணு மணிக்குப் பொம்மையெல்லாம் வெளிய வருமாமே, அதப் பாக்காம வர மாட்டேன்னு நின்னுட்டேன். இந்தாங்க, உங்க விளம்பரத் தாளுதான். செவப்புப் பென்சில்ல கோடு போட்டு எழுதியிருக்கு பாருங்க, மூன்று மணிக்குத் தவறாமல் பார்க்கவும், பன்னிரண்டு பொம்மைகள். எங்க வீட்டுக்காரரு கையெழுத்து.

அவருக்கு இதுதான் பைத்தியம். ஒரு பேக்டரியில நேரம் குறிக்கிற குமாஸ்தா. யாரு எத்தன மணிக்கு உள்ள வந்தா, எத்தன நிமிஷம் லேட்டு, அதான் உத்தியோகம். லீவே எடுக்க மாட்டாரு. ஆனா உலகத்துல யாரு எந்த ஊருக்குப் போனாலும், அங்கேருந்து எனக்கு ஒரு விளம்பரத் தாள் கொண்டு வாங்கன்னு கேப்பாரு. பிஸ்கட் டப்பாவுல அடுக்கி அடுக்கி பதினாலு டப்பா. சாப்பாடு முடிஞ்சதும் ஒரு தாள எடுத்து விரிச்சு, கெளம்புன்னுவாரு. எங்கன்னா, அருவிக்குன்னுவாரு. சாப்பாட்டு மேசையிலேயே அருவி, குகை, கோபுரம், கடற்கரை எல்லாம் பாத்தாச்சு. நான் பாத்திரம் தேச்சுகிட்டே உலகத்த ரெண்டு ரவுண்டு வந்தவ.

நேருல பாத்தாத்தான் தெரியுது எத்தன பொய்யின்னு. தாளுல அந்த அருவி பொங்கிப் பாயும். போயி நின்னா, எங்க வீட்டுக் கொழாய ரெண்டு நாள் மூட மறந்தா அதவிட ஜோரா ஊத்தும். கோபுரத்துல முந்நூத்தி பன்னெண்டு படி. மேல ஏறினா என்ன இருக்கு? எறங்குறதுக்கு முந்நூத்தி பன்னெண்டு படி. மிருகம் மிருகமா வெட்டின செடித் தோட்டம்னாங்க. நான் யானைன்னேன், எங்க முன்சீட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மயிலுன்னாங்க, தோட்டக்காரரு வந்து அது இன்னும் வெட்டாத செடின்னாரு. அந்தம்மா நல்ல மாதிரி. பஸ்ஸு உருண்டா கண்ணு சொருகிரும், அது ஒண்ணுதான். முழிச்சிருந்தா என்னைய விட்டுட்டுப் போக விட்டிருக்காது.

என்ன கேட்டீங்க? அவரு இதெல்லாம் பாத்தாரான்னா? அவரு எங்கயும் எறங்கல. முட்டி வலின்னு விசில்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நான்தான் எறங்கிப் பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லுவேன். அவரு கேட்டுகிட்டு வருவாரு. குறுக்கப் பேசாம அவரு கேக்குறது இந்த டூருலதான்.

அது கெடக்கட்டும், உங்க பொம்ம சங்கதிய நான் கேக்கணும். மூணு அடிச்சுது, கதவு தெறந்துது. ராஜா வந்தாரு, ராணி வந்துது, சிப்பாயிங்க, சமையக்காரரு, கொட்டு அடிக்கிறவன், எல்லாம் சுத்திட்டு உள்ள போச்சு. நான் எண்ணினேன். பதினொண்ணு. போர்டுல பன்னெண்டுன்னு போட்டிருக்கு. ராணிக்கு முன்னாடி ஒரு ஆளு நிக்கிற அளவுக்குக் காலி எடம், அது மட்டும் தனியா சுத்திட்டுப் போகுது.

ரிப்பேரா? எத்தன வருஷமா? ஒம்போது வருஷமா! அப்ப போர்ட மாத்த வேண்டியதுதானே. ஓ... அந்த எடம் அதுக்குன்னு செஞ்சது, பதினொண்ணுன்னு எழுத யாருக்கும் மனசு வரலயா. ம்ம். அப்பிடியா சொன்னீங்க.

இல்ல தம்பி, ஒண்ணுமில்ல. தண்ணி இருக்கா? போதும், போதும்.

இன்னொரு தடவ விசில்காரருக்கு அடிங்க. பக்கத்துல ஒரு கைவினைக் கடையில நிறுத்துவாங்க, இன்னும் தூரம் போயிருக்காது. மியூசியத்துக்கு நாப்பது நிமிஷம், கடைக்கு முழுசா அர மணி நேரம், அதான் இவங்க டூரு. அடிச்சு, கடைசி வரிசையில நடைபாதைப் பக்கம் இருக்குறது வெறும் தொப்பி, அதத் தொட்டுப் பாருன்னு சொல்லுங்க.

என்னங்குறாரு? கடையிலேருந்து எல்லாம் ஏறியாச்சு, மறுபடி எண்ணியாச்சு, மறுபடியும் முப்பத்தொண்ணா? அவரு வாயில... சரி, போயிப் பாக்குறேன்னாரா? நல்லது. நடந்து போறாரா?

என்னது? சார எழுப்பிக் கேக்குறேன்னாரா? வேணாம்! எழுப்ப வேணாம்னு சொல்லுங்க! தம்பி, சொல்லுங்க, கிட்டப் போக வேணாம், நிக்கச் சொல்லுங்க அங்கயே! நின்னுட்டாரா? முன்சீட்டு அம்மா முழிச்சாச்சா? கைய நீட்டி அவர மறிச்சுட்டாங்களா? மகராசி.

இப்ப அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. முப்பத்தொண்ணு இல்ல, முப்பது. என்னையும் சேத்தே முப்பது.

ஆமா தம்பி. சன்னலோரத்துல இருக்குறதும் வெறும் தொப்பிதான். சீட்டு முதுகுல அவரோட பழுப்பு ஸ்வெட்டர மாட்டி, மேல வெச்சிருக்கேன். அவரு போயி ஏழு மாசமாச்சு. ரிட்டயர் ஆன மறுநாளே ரெண்டு பேருக்கும் சேத்து இந்த டூருக்குப் பதிவு பண்ணினாரு, அடுத்த மாசமே போயிட்டாரு. பையன் கேன்சல் பண்ணுன்னான். பண்ணிட்டேன்னு பொய் சொன்னேன். மொத நாள் காலையில விசில்காரரு பட்டியலப் படிச்சாரு. அவரு பேரு வந்துது. வந்தாச்சான்னாரு. வரலன்னு சொல்ல எம்புட்டு நேரமாகும், ஒரு வார்த்த. என் வாயி வந்தாச்சுன்னுருச்சு. ரெண்டு தொப்பி கொடுத்தாரு, வாங்கிகிட்டேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மொத நாளே திரும்பிப் பாத்துருச்சு. ஸ்வெட்டரப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு, முன்னாடி திரும்பிகிச்சு. மறுநாள் காலையில, சார் நல்லாத் தூங்கினாரான்னு கேட்டுச்சு பாருங்க, நான் டாய்லெட்ல போயி அழுதேன். அப்புறம் மொத்த பஸ்ஸுக்கும் தெரிஞ்சு போச்சு. பிஸ்கட் பாக்கெட்டு சுத்தி வந்தா அவரு மடியிலயும் ஒண்ணு வெக்கிறாங்க. தெரியாத ஒரே ஆளு எண்ணுறவருதான்.

என் வீட்டுக்காரரு எங்க போனாலும் பத்தடி முன்னாடி நடப்பாரு தம்பி. நான் எப்பவும் லேட்டு. ஆனா ஒவ்வொரு தெருமுனையிலயும் நின்னு திரும்பிப் பாப்பாரு. என்னைய விட்டுட்டு ஒரு நாளும் முனை திரும்பினதில்ல. இன்னைக்கு வெளிய வந்து பஸ் இல்லாத எடத்தப் பாத்தேன் பாருங்க, அப்பத்தான் எனக்கு நல்லா ஒறச்சுது, இனிமே திரும்பிப் பாக்க ஆளு கெடையாதுன்னு. ஏழு மாசமா வந்தவங்க போனவங்க எல்லாம் சொல்லி ஏறாதது, உங்க வாசல்ல ஏறுச்சு.

ஏரிக்கு எதுக்கா? அந்த ஏரியோட விளம்பரத் தாளுல போட்டிருக்கு, நடு ஏரியில படக நிறுத்திக் கூப்பிட்டா குரல் ஏழு தடவ திரும்பி வருமாம். உன் பேரத்தான் கூப்பிடப் போறேன், ஏழு தடவ கேட்டாவது சீக்கிரம் வர்றியான்னு பாக்கலாம்னாரு. இப்ப நான் கூப்பிட வேண்டியதாப் போச்சு. அருவி மாதிரி இதுவும் பொய்யா இருக்கும். இருந்துட்டுப் போகுது.

பஸ்ஸ திருப்பிட்டாங்களா? பத்து நிமிஷமா? அப்ப படகப் புடிச்சிரலாம். நல்லாருங்க தம்பி. இந்த நாற்காலிக்கு யாராவது கயிறு கட்ட வந்தா விடாதீங்க. அந்தப் போர்டையும் மாத்தாதீங்க, பன்னெண்டுன்னே இருக்கட்டும்.

என்ன, லைன்லதான் இருக்காரா இன்னும்? இனிமே எத்தனன்னு எண்ணுறதுன்னு கேக்குறாரா? அழுதுகிட்டா கேக்குறாரு? ஐயோ பாவம், விசில்காரரு!

படகு வரைக்கும் முப்பத்தொண்ணுன்னே எண்ணச் சொல்லுங்க தம்பி. திரும்பி வரும்போது நானே சொல்றேன், முப்பதுன்னு.