மூன்றாவது முயற்சி

பந்தை நட்டுப் பிடிப்பது பெரிய வேலையில்லை. முழங்காலில் இருந்து, வரும் முட்டைவடிவப் பந்தை வாங்கி, நுனியைத் தரையில் ஊன்றி, மேலே ஒரு விரலால் அணைத்தால் போதும். மீதி உதைப்பவனின் பாடு.

எங்கள் பல்கலைக்கழக அணியில் உதைப்பவன் ஜோசுவா. ஒஷாவா நகரத்துப் பெடியன். பந்து பிடிக்க நான்தான் வேண்டுமென்று கேட்டவனும் அவனே. "நீ பிடிச்சா எனக்குப் பயமில்லை, கீதன்," என்றான்.

உங்களுக்கு இந்தக் கனடிய புட்போல் பழக்கமில்லை என்றபடியால் சொல்கிறேன். பத்து யார்ட் முன்னேற மூன்று முயற்சி. இரண்டு வீணானால், மூன்றாவதில் பந்தோடு மோதி ஓடலாம். இல்லாவிட்டால் கம்பங்களுக்கிடையே உதைத்து மூன்று புள்ளி எடுக்கலாம். மோதி ஓடுவது என் வேலை. ஆனால் தவறாமல் உதைப்பவன் ஒருவன் இருக்கும்போது எந்தப் பயிற்சியாளர் மோதலை நம்புவார்? கம்பம் எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, பந்து பிடிக்க மட்டும் என்னை விட்டு, ஜோசுவாவை அனுப்புவார்.

"நீங்கள் சேத்தில உருண்டு எழும்புங்கோ மச்சான். நான் வந்து முடிச்சுவிடுறன்," என்பான் அவன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அது கடைசி வருடம். தொழில்முறை அணிகளின் ஆட்கள் பார்க்க வரும் வருடம். ஓட விடப்படாதவனிடம் அவர்கள் எதைப் பார்ப்பது?

உதைக்க முன் ஜோசுவா தலைகுனிந்து சிலுவை அடையாளம் போடுவான். பிறகு என் கையை நம்பி ஓடி வருவான். செப்ரெம்பரில் ஒருநாள் பந்தை விரற்கடை அளவு சரித்துப் பிடித்தேன். அது கம்பத்துக்கு வெளியே போனது.

"நேரா தானே மச்சான் பிடிச்சனீ?"

"ஓமடா. உன்ர இடக்கால்தான் முன்னுக்கு விழுது."

அவன் காலை மாற்றிப் பழகினான். அடுத்த ஆட்டத்திலும் சரித்தேன். பயிற்சியில் மட்டும் நான் ஒருநாளும் சரித்ததில்லை. அங்கே எல்லாம் நடுவால் போகும். ஆகவே பிழை காலில் இல்லை, தன் தலைக்குள் என்று அவனே முடிவெடுத்தான். நான் மறுக்கவில்லை.

பயிற்சியாளர் மூன்றாவது முயற்சியை எனக்குத் தரத் தொடங்கினார். நன்றாகவே ஓடினேன், வீடியோவில் பார்க்கலாம்.

ஜோசுவாவின் அம்மா பேர்ணடெற் அன்ரி போன் எடுத்தார். "தம்பி, அவன் சாப்பிடுறானில்லை. உன்ர சொல்லைத்தான் கேப்பான்."

"நான் பாத்துக்கொள்ளுறன், அன்ரி."

அவனை மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பந்து பிடித்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. அவன் புல்லில் இருந்து அழுதான். "தனிய எண்டா ஏலுது. ஆக்கள் பாத்தா என்ர மூளை பிழைக்குது, மச்சான். எனக்கு என்னவோ நடக்குது."

அந்த இடத்தில் ஒரு சொல் போதுமாக இருந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் சனிக்கிழமை இறுதியாட்டம்.

அதிலும் சரித்தேன். இரண்டு தடவை அவன் தவறவிட்டான். பிறகு பந்து என்னிடம் வந்தது, வென்றோம். மறுநாள் ஏரிக்கரை மேட்டுக்குக் கீழே பொலிஸ்காரர் நீங்கள் அவன் உடலைக் கண்டெடுத்தீர்கள்.

செத்தவீட்டில் அன்ரி என் கையை விடவேயில்லை. "நீ ஒராள்தான் அவனைக் கைவிடேல்லை," என்றார். யோசித்துப் பார்த்தால் அது உண்மை. பயிற்சியாளர் அவனில் நம்பிக்கை இழந்தார். அணியும் இழந்தது. கடைசியில் அவனே இழந்தான். அவனுடைய உதை தவறாதென்று முடிவுவரை நம்பியவன் நான் மட்டும்தான்.