பின்னால் துள்ளும் பழக்கம்

பதிவான ஆட்டம் ஒன்றைப் பார்க்கும்போது முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பது நல்லது. வர்ணனையாளர் கத்துகிற இடத்தில்தான் ஏதோ நடந்தது என்று நம் கண்ணும் நம்பிவிடும். உண்மையில் அது இரண்டு நொடி முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும். நேற்று ஸ்டேஷனில் என்னை உட்கார வைத்துப் பின்பக்க மேடையின் காமிராப் பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். உங்கள் உதவியாளர் வேகமாக ஓட்டி ஓட்டி, என் தம்பி விழுகிற இடத்தில் நிறுத்தினார். எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள், தப்பில்லை. ஆனால் விழுகிற இடத்தில் பார்க்க எதுவும் இல்லை.

நீங்கள் எழுதி வைத்திருந்த தாளில், 'சகோதரி அணைக்கக் கை நீட்டியபோது கால் இடறி' என்று இருந்தது. கையெழுத்து மட்டும் போட்டால் போதும், இந்த நேரத்தில் உங்களை அலையவிட விருப்பமில்லை என்று தன்மையாகச் சொன்னீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அவனுக்குக் கால் இடறவில்லை. ஆறு வருஷம் அவன் ஆட்டங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் நான். தெரிந்தே தப்பான ஒன்றின் கீழே என் பெயரை எழுத மனசு வரவில்லை. வேறு தாள் கேட்டேன், கொடுத்தீர்கள்.

என் தம்பிக்கு இருபத்து நான்கு வயது. எனக்கு முப்பத்து மூன்று. வீடியோ கேமில் சண்டை போடுவதுதான் அவன் தொழில். திரையில் இரண்டு பேர், தலைக்கு மேலே ஆளுக்கொரு உயிர்க்கோடு, யாருடைய கோடு முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார். இவ்வளவுதான் விளையாட்டு. அதில் அவன் பெயர் சுண்டெலி. நாலு வயதில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தபோது நான் வைத்த பெயர் அது. பெரிய அரங்குகளில் ஆயிரம் பேர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யார் வைத்தது என்று அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை.

எனக்கு, அவன் விழுந்த அந்த வணிக வளாகத்தின் சிசிடிவி அறையில் வேலை. பதினாறு திரை, எட்டு மணி நேரம். கூட வேலை பார்ப்பவர்கள் போனைப் பார்ப்பார்கள், தூங்குவார்கள். நான் திரையைப் பார்ப்பேன். எந்தக் கடைப்பையன் எத்தனை மணிக்குப் பின்கதவில் நின்று யாரோடு போனில் பேசுவான் என்பதுவரை எனக்குத் தெரியும். ஒரு மனுஷனைப் பத்து நாள் பார்த்தால் பதினோராவது நாள் என்ன செய்வான் என்று சொல்லிவிடலாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் தம்பி ஒரு சின்னப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று வந்து, கன்ட்ரோலரைக் கட்டில் மேல் எறிந்துவிட்டு, எல்லாம் அதிர்ஷ்டம் என்றான். பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். கால் மணி நேரம் பார்த்தேன். அடி வாங்கிக் கீழே விழுந்து எழுந்திருக்கும்போதெல்லாம் அவன் உதைதான் விடுகிறான், பதின்மூன்று தடவையில் பதினொன்று.

“போக்கா, நீ ஒரு பட்டன்கூட அமுக்கினது கெடையாது,” என்றான்.

அடுத்த வாரம் உதைக்காமல் எழுந்தான். ஏழு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தான்.

அப்படித்தான் ஆரம்பித்தோம். தினமும் காலையில், நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம். ஜெயித்த ஆட்டத்தை நாங்கள் தொடுவதில்லை, தோற்றது மட்டும். முதலில் எதிராளியை மட்டும் பார்ப்பது, பிறகு தம்பியை மட்டும். அடி விழுவதற்கு முன்னால் நிறுத்தி, இப்போது என்ன செய்வாய் என்று கேட்பேன். சொல்லுவான். ஓடவிட்டால் வேறு எதையோ செய்திருப்பான். அதைப் பார்த்து அவனே சிரித்துவிடுவான். அந்த விளையாட்டில் ஒரு நொடிக்கு அறுபது படம். படம் படமாக நகர்த்துவேன். வாரத்துக்கு ஒரே ஒரு பழக்கம், அதற்கு மேல் எடுத்தால் எதுவும் நிற்காது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவேன், எத்தனை தடவை, எந்தச் சூழ்நிலையில் என்று. ஒரு அடி சரியாக விழுந்ததும் ஆடுகிறவர் அரை நொடி அசந்துவிடுவார், அங்கேதான் திருப்பி அடிக்க வேண்டும். அதற்கு 'மூச்சு விடும் இடம்' என்று பெயர் வைத்தேன். இப்படி நாற்பது, ஐம்பது பெயர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே புரிகிற ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. அம்மா மட்டும், “மாப்பிள்ளை போட்டோவப் பாருடின்னா, இவ தம்பி தோத்ததப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா,” என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒன்றரை மணி நேரங்களில்தான்.

மூன்றாவது வருஷம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எதிராளி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டு, திடீரென்று அரை அடி மட்டும் முன்னால் வைத்தால் போதும். அடிக்க வேண்டியதில்லை. தம்பி பின்னால் துள்ளிவிடுவான். பின்னால் சுவர் இருக்கிறதா, இடம் இருக்கிறதா என்று பார்க்க மாட்டான். எண்பத்தாறு தடவையில் எண்பத்தொன்று. பெரிய போட்டிகளில் திரையின் மூலையில் ஆடுகிறவரின் முகம் தெரிகிற ஒரு சின்னக் கட்டம் வைப்பார்கள். அதில் பார்த்தால் முதலில் அவன் தோள் பின்னால் போகும், அதற்கப்புறம்தான் விரல் பட்டனுக்குப் போகும். அதாவது அது உடம்பிலேயே ஊறிப்போனது. வீட்டில் இரண்டு தடவை சோதித்துப் பார்த்தேன். சமையலறை வாசலில் ஒரு தடவை, அலமாரியில் தலையை இடித்துக்கொண்டான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை. அவனிடம் சொல்லவும் இல்லை. வாரத்துக்கு ஒரு பழக்கம் என்பது எங்கள் விதி. இதற்கு முன்னால் திருத்த வேண்டியவை நிறைய இருந்தன. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட்டால் பிறகு சொல்லித்தர என்ன இருக்கும்? எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவள் நான்.

அதற்குப் பிறகு அவன் இரண்டு இறுதி ஆட்டங்களில் தோற்றான். இரண்டிலும் கடைசி ரவுண்டில் மூலைக்குப் போய் மாட்டிக்கொண்டான். இரண்டு தடவையும் என் மடியில் தலை வைத்து அழுதான். தலையைத் தடவிக் கொடுத்தேன். மறுநாள் காலை வழக்கம்போலப் பதிவைப் போட்டு வேறு பழக்கங்களைப் பற்றிப் பேசினோம்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு அணி அவனைக் கூப்பிட்டது. தங்குமிடம், பயிற்சி அறை, ஒரு கோச். பெட்டியைக் கட்டிக்கொண்டே, “இனிமே நீ கஷ்டப்பட வேண்டாங்க்கா,” என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் கஷ்டப்படுகிறேன் என்று நான் எப்போது சொன்னேன்? அவன் போன பிறகு அலமாரியைத் திறந்தால் என் பதினோரு நோட்டும் இல்லை. கேட்டதற்கு, கோச் ஒரு தடவை பார்க்கணும் என்றார், அதான் என்றான். ஏதோ இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் போன மாதிரி.

அவன் இல்லாத காலைகளில் சீக்கிரம் எழுந்து, போட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். அம்மா, அவன் பெரியவனாகிவிட்டான், விடு என்றாள். விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒன்றரை மாதம் கழித்து அந்தக் கோச் ஒரு வீடியோ வெளியிட்டார், உங்கள் ஆட்டப் பதிவுகளிலிருந்து கற்றுக்கொள்வது எப்படி என்று. இருபத்திரண்டு நிமிடம். தோற்றதை மட்டும் பாருங்கள் என்றார். சத்தத்தை நிறுத்துங்கள் என்றார். வாரத்துக்கு ஒரு பழக்கம் என்றார். 'மூச்சு விடும் இடம்' என்று வாய் கூசாமல் சொல்லி, தானே வைத்த பெயர் இது என்றார். பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். தலையாட்டிக்கொண்டே இருந்தான். பதினாலு தடவை ஆட்டினான், எண்ணினேன். இதெல்லாம் முன்னாடி யாராவது சொல்லித்தந்தார்களா என்று கோச் கேட்டார். இல்லை, நானே ஏதோ தட்டுத் தடுமாறி ஆடிக்கொண்டிருந்தேன் என்றான். கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுவிட்டான் என்று சிசிடிவி அறையில் என்கூட வேலை பார்ப்பவர் சொன்னார். அவர் சொன்ன பிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

அவனைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டால் மன்னிப்புக் கேட்டுவிடுவான், அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

போன சனிக்கிழமை எங்கள் வளாகத்தின் மூன்றாவது மாடி அரங்கில்தான் போட்டி. நான் பணியில் இருந்தேன். காலை ஒன்பதே முக்காலுக்கு வெல்டிங் ஆட்கள் இரண்டாவது மாடிப் பின்பக்க மேடைக்கு வந்து, சரக்கு இறக்கும் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியைக் கழற்றி எடுத்தார்கள். மஞ்சள் நாடா ஒன்றைக் குறுக்கே கட்டினார்கள். ஏழாவது திரையில் பார்த்தேன். தம்பி அரையிறுதியில் ஜெயித்தான். எதிராளி அசையாமல் நின்று அரை அடி வைத்தபோது அவன் பின்னால் போகவில்லை. நின்று தடுத்தான். மூன்று தடவை அப்படி நடந்தது. பேச வேண்டும், பின்பக்க மேடைக்கு வா, அங்கே சத்தம் இருக்காது என்று செய்தி அனுப்பினேன்.

அவனுக்கு முன்னால் நான் போனேன். நாடாவின் ஒரு முனை கதவுக் கைப்பிடியில் கட்டியிருந்தது. அந்த இடம் காமிராவில் விழாது. அவிழ்த்துவிட்டேன். காற்றில் தானாக அவிழ்ந்தது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதையும் திருத்திக்கொள்ளுங்கள். ஒன்றைச் சோதிக்கும்போது இடையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. நாடா முதுகில் பட்டால் அவன் திரும்பிப் பார்த்துவிடுவான். வெயில் கண்ணில் அடிக்கிற பக்கம் நான் நின்றுகொண்டேன், அவன் கண் கூச வேண்டாம் என்று.

அணிச் சட்டையில் வந்தான். மெலிந்திருந்தான். நான் பேசுவதற்கு முன்னால் அவனே ஆரம்பித்தான்.

“அக்கா, நான் பின்னாடி துள்ளுறது உனக்குத் தெரியுமா தெரியாதா? உண்மையச் சொல்லு.”

தெரியும் என்றேன்.

“எப்பலேருந்து?”

மூன்றாவது வருஷத்திலிருந்து என்றேன். கணக்குப் போடுகிறான் என்று தெரிந்தது.

“அப்ப அந்த ரெண்டு ஃபைனலும் நீ தெரிஞ்சுதான் விட்டியா? நான் உன் மடியிலதானேக்கா படுத்து அழுதேன்.”

அணியில் சேர்ந்த முதல் வாரமே கோச் அதைக் கண்டுபிடித்துவிட்டார், உன்னைப் போல ஒருத்திக்கு அது கண்ணில் படாமல் போகாது என்றும் சொன்னார், நான்தான் நம்பவில்லை, சண்டைகூடப் போட்டேன் என்றான். அந்தக் கோபத்தில்தான் வீடியோவில் அப்படிச் சொன்னானா, அதற்கு முன்பே சொல்லிவிட்டானா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பரவால்ல, அது இப்ப எங்கிட்ட இல்ல. கோச் சரி பண்ணிட்டார்,” என்றான்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாலு மாதத்தில் ஒருவர் வந்து, நான் ஆறு வருஷம் பார்த்த பிள்ளையைச் சரி பண்ணிவிட்டாராம். அவர் திருத்தியது விரலை. தோளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

அசையாமல் நின்றேன். மனசுக்குள் ஆறு எண்ணினேன். பிறகு வலது கையைக் கொஞ்சம் தூக்கி, அரை அடி முன்னால் வைத்தேன். நீங்கள் அணைக்கப் போனதாக நினைத்தது அதைத்தான். நான் அவனைத் தொடவில்லை. எங்களுக்கு நடுவில் இரண்டு கை தூரம் இருந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அவன் விழுந்தது இரண்டு ஐம்பத்திரண்டுக்கு. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது மூன்று நாலுக்கு. பத்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம். தயவுசெய்து இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நான் என் அறையில்தான் இருந்தேன். எங்கள் காமிராவில் நொடிக்குப் பதினைந்து படம்தான், அதனால் ஒன்பது தடவை போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. தோள்தான் முதலில் போயிருந்தது, நான் சொன்னதுதான் சரி. பக்கத்துத் திரையில் கீழ் முற்றத்தின் நேரடிக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவன் வலது கை அசைந்துகொண்டிருந்தது, யாரையோ கூப்பிடுகிற மாதிரி. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பதிவாகிக்கொண்டுதானே இருந்தது.