எட்டாவது எச்சரிக்கை

தூக்கம் வராதவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்காது, சார். இளகிய மனசு. வேண்டுமானால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. தூக்கம் மட்டும் வரவில்லை. தூங்காத மனுஷி என்ன செய்வாள்? பேசுவாள். நான் மூன்றாம் வகுப்பை இரண்டு முறை படித்ததை என் முதலாளியிடமே சொன்னாள். என் கல்யாணம் ஏன் நிலைக்கவில்லை என்று தபால்காரருக்கு இரண்டு தவணையாக விளக்கினாள். அத்தனையும் உண்மை. அதுதான் தொல்லை.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத தாள், அதைப் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஜீவன். தூக்கத்துக்கான மெலடோனின் மாத்திரையின் தாளும் என்னிடம்தான் வந்தது. எட்டாவது எச்சரிக்கை, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு: இதையும் சேர்த்தால் ரத்தம் உறைதல் இன்னும் குறையும், கசிவு நிற்காது. ‘உறைதல்’ என்பதை ‘உறைத்தல்’ என்று அடித்திருந்தார்கள். ரத்தம் என்ன மிளகாயா? திருத்தினேன். அன்று சாயங்காலமே ஒரு புட்டி வாங்கினேன். கடையில் டாக்டர் சீட்டுகூடக் கேட்கவில்லை.

“தம்பி, நான் போடுற மாத்திரையோட இது ஒத்துக்குமாடா? நீதான் எல்லாத்தையும் படிக்கிறவனாச்சே” என்றாள் அக்கா.

“இது மருந்தே இல்லக்கா. உடம்புல தானா சுரக்கிறதுதான்.”

பொய்யில் பாதிதான் பொய். அவள் தூங்கினாள். வீடு அமைதியானது. இரண்டாம் வாரம் கைகளில் நீலத் திட்டுகள். கட்டிலில் இடித்துக்கொண்டிருப்பாய் என்றேன். ஈறில் ரத்தம் கசிந்தது. மிருதுவான பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். இப்படியும் ஒரு தம்பியா என்று எதிர்வீட்டு அம்மாள் உருகிப்போனார். “டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வரலாமாடா?” என்று அக்கா கேட்டாள். அடுத்த வாரம் போகலாம் என்றேன்.

அதற்குள் குளியலறையில் தடுமாறி விழுந்தாள். சின்ன அடிதான். தலைக்குள் கசிந்த ரத்தம் நிற்கவில்லை.

“வேற ஏதாவது மாத்திரை எடுத்தாங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

இல்லை என்றேன். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

நீங்கள் நல்லவர், சார். வாக்குமூலத்தில் ‘கவனக்குறைவால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருடமாக ஒரு கால்புள்ளியைக்கூடத் தவறவிடாதவன் நான். அதை அடித்துவிட்டு ‘தெரிந்தே’ என்று போடுங்கள். அக்கா வாங்கிக் கொடுத்த கெட்ட பெயரையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இதை மட்டும் என்னால் தாங்க முடியாது.