ஒரு சுழி மாறாமல்

அழகாக எழுதப் பழகப் போன மாலை வகுப்பில் முதலில் சொல்லித் தந்தது பென்சில் சீவுவதுதான். இரண்டு வாரம் அதையே செய்தேன். முதலாளி, நீங்கள் கேட்டது அந்த ரசீதைப் பற்றி என்று தெரியும். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

அந்த லாரி டிரைவர், மருந்துக்கடை ரசீது ஒன்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அடியில் மிச்சமிருந்த வெள்ளை இடத்தில் அவர் மனைவி எழுதியிருந்தாள்: ‘சாப்பிட்டுப் படுங்க. காலைல வந்துடுறேன்.’ ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

“அவ எழுதினதுன்னு வேற எதுவுமே இல்ல தம்பி. ஒரு சுழி மாறாம கையில பச்சை குத்திடு. ஊசின்னா எனக்கு பயம். அவ இருந்தா சிரிச்சே என்னைக் கொன்னுருப்பா.”

எழுத்தா அது? கோழிக் கிறுக்கல். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு திசையில் சாய்ந்து கிடந்தது. அதைப் போய் ஒருவர் சாகும்வரை சுமப்பதா? டிரேசிங் தாளில் கோடு போட்டு, என் கையால் ஒழுங்காக எழுதி, குத்துவதற்கு முன் ஒட்டும் ஸ்டென்சில் அச்சு எடுத்து அவர் கையில் ஒட்டினேன். ஊதா நிறத்தில் அழகாகப் பதிந்தது.

கையைத் திருப்பிப் பார்த்தவர், “இது அவ எழுத்து இல்லையே,” என்றார்.

“தோல்ல அப்படித்தாண்ணே தெரியும்.”

“அந்தச் சீட்டைக் கொண்டா. வச்சுப் பாப்போம்.”

உள்ளே போனேன். ரசீதுத் தாள் சூடு பட்டால் முழுக்கக் கறுத்துவிடும், ஸ்டென்சில் மெஷின் பக்கமே கொண்டுபோகாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னீர்கள். நினைவிருந்தது. மெஷினுக்குள் விட்டேன். ஒரு தடவை போதுமா என்று சந்தேகம். இன்னொரு தடவையும் விட்டேன்.

“மெஷின்ல கறுத்துடுச்சுண்ணே.”

அந்தக் கறுப்புத் தாளை வெகுநேரம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுததைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு உங்கள் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டி, “அப்போ இதுதான் மிச்சம். குத்துங்கண்ணே,” என்றார். நீங்கள் குத்தினீர்கள்.

நேற்று வந்திருந்தார். புண் நன்றாக ஆறியிருக்கிறது. தினமும் படுக்கும் முன் அதற்கு முத்தம் கொடுப்பாராம். “இப்பல்லாம் யோசிச்சா அவ இப்படித்தான் எழுதுவான்னு தோணுது தம்பி.”

பார்த்தீர்களா? அவருக்கே புரிந்துவிட்டது.

அவர் கையில் ஸ்கேல் வைத்து மூன்று முறை அளந்தேன். ‘படுங்க’வில் ‘டு’வின் சுழி மயிரிழை பெரிதாக விழுந்திருக்கிறது. நான் செய்த தவறு அது ஒன்றுதான்.